காட்டுக்குள் ஓர் இரவு: பரம்பிக்குளம் கூடாரமா, முதுமலை ஓய்வு விடுதியா, வால்பாறை எஸ்டேட் வீடா?

"கூடாரத்தில் தூங்கணும், விடிந்ததும் வாசலில் மான் நிற்கணும். எங்கே போகலாம்?" இந்தக் கேள்வியை வெவ்வேறு விதமாகப் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பத்து வயது மகளை அழைத்துப் போகிறார். ஒருவருக்குப் பறவைகள்தான் முக்கியம். ஒரு தம்பி, புதிதாக வாங்கிய டென்ட்டைத் தூக்கிக்கொண்டு மசினகுடிப் பக்கம் எங்காவது ஆற்றோரம் போட்டுப் படுக்கலாமா என்று கேட்டார்.

அந்தத் தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தங்குவதும் தீ மூட்டுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், நீங்கள் படுக்க நினைக்கும் அந்த ஆற்றோரம்தான் யானை தண்ணீருக்கு இறங்கும் தடம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன.

ஆக, நேர்மையான வழி என்று பார்த்தால் மூன்றுதான். வனத்துறையே போட்டு வைத்திருக்கும் கூடாரம், வனத்துறையின் ஓய்வு விடுதி, காட்டை ஒட்டிய எஸ்டேட் வீடு. ஒவ்வொன்றுக்கும் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது. மூன்றிலும் ஒரு தடவைக்கு மேல் தங்கியிருக்கிறேன், மூன்றிலும் ஏமாந்தும் வந்திருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

பலரும் "எங்கே விலங்கு அதிகம்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: விடியற்காலை ஐந்தரை மணிக்கு நீங்கள் எங்கே நின்றுகொண்டிருப்பீர்கள்? பாலூட்டிகளில் பெரும்பாலானவை விடியலை ஒட்டிய இரண்டு மணி நேரமும் அந்திக்கு முந்திய இரண்டு மணி நேரமும்தான் வெளிப்படையாக நடமாடும். ஒன்பது மணிக்கு மேல் நிழல் தேடிப் படுத்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தை நீங்கள் சோதனைச் சாவடி வரிசையிலோ டிக்கெட் கவுன்ட்டரிலோ கழித்தால், எவ்வளவு பெரிய காடாக இருந்தாலும் பயனில்லை. எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

இரண்டாவது, காட்டின் வகை. இலையுதிர் காட்டில் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் இருக்கும், நூறு அடிக்கு அப்பால் நிற்கும் காட்டுமாடு தெரியும். மழைக்காட்டில் பத்தடிக்கு மேல் கண் போகாது. அங்கே அண்ணாந்து பார்க்கவேண்டும். விலங்குகள் மேலே, கிளைகளில் இருக்கும்.

மூன்றாவது, வண்டியா நடையா. தினமும் வேனைப் பார்த்துப் பழகிய மானும் யானையும் வேன் வந்தால் அசையாமல் மேயும். மனிதன் இறங்கி நடந்தால் ஓடும், அல்லது துரத்தும். பெரிய விலங்கைக் கிட்டத்தில் பார்க்க வண்டி நல்லது. காலடித் தடம், எச்சம், மரத்தில் கரடி கீறிய நகக்குறி, சருகுக்குள் ஊரும் ஓணான் இதெல்லாம் நடந்தால்தான் கிடைக்கும்.

நான்காவது காசு. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் தொகைகளை இங்கே எழுதவில்லை. அறை வாடகைக்கு மேல் எதற்கெல்லாம் காசும் நேரமும் போகும் என்பதை ஒவ்வோர் இடத்திலும் சொல்கிறேன். ஐந்தாவது, உங்களோடு வருபவர்கள் யார் என்பது. ஆறாவதை நிறையப் பேர் கேட்பதே இல்லை: நாம் அங்கே தங்குவதால் அந்த விலங்குக்கு என்ன ஆகிறது?

புலியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. மூன்று இடங்களிலும் புலி இருக்கிறது. பார்த்தே தீரவேண்டும் என்று போனால், கண்முன் நிற்கும் கடமானைக்கூட ரசிக்காமல் திரும்பிவிடுவோம்.

## பரம்பிக்குளம்: வனத்துறைக் கூடாரம்

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் சாலை வழி நம் பக்கம்தான். பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று ஏறி, ஆனப்பாடியில் கேரளச் சாவடியைத் தொடவேண்டும். அங்கே உள்ள மூன்று அணைகளும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் பராமரிப்பில் இருப்பவை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்கும் தோப்புகளுக்கும் பாயும் தண்ணீர் இந்தக் காட்டிலிருந்து வருவதுதான். 2010இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இது சுமார் 640 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது.

ஆனப்பாடியில் வனத்துறை போட்டிருக்கும் கூடாரங்கள் கட்டிலும் கழிவறையும் உள்ள பெரிய வகை. தரையில் பாய் விரித்துப் படுக்கும் கூடாரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனாலும் உங்களுக்கும் காட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு துணிதான். இதன் அருமை இருட்டிய பிறகுதான் தெரியும். செங்கல் சுவருக்குள் படுத்தால் காட்டின் இரவை நாம் இழந்துவிடுகிறோம். துணிக்குள் படுத்தால் எல்லாம் கேட்கும். பக்கிக் குருவி ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருக்கும். எங்கோ கேளையாடு நாய் குரைப்பது போலக் கத்தும். கடமான் திடுமெனத் தகரத்தைத் தட்டியது மாதிரி ஒரு ஒலி எழுப்பும். அது எழுப்பினால் பக்கத்தில் புலியோ சிறுத்தையோ செந்நாயோ நடக்கிறது என்று பொருள். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்ட இரவு நான் மூன்று மணி வரை தூங்கவில்லை. பயமில்லை. அடுத்த சத்தம் எந்தத் திசையில் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருந்தேன்.

காலையில் வழிகாட்டியோடு நடை. வழிகாட்டிகள் அந்தக் காட்டிலேயே குடியிருக்கும் காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடிகளைச் சேர்ந்தவர்கள். பரம்பிக்குளத்தை நான் முதலில் வைப்பதற்கு இவர்கள்தான் காரணம். ஒரு காலை நடையில் முன்னால் போன அண்ணன் சட்டென்று கையை உயர்த்தி நிறுத்தினார். "மந்தி என்னமோ சொல்லுது, கேளுங்க சார்" என்றார். மேலே சாம்பல் மந்தி ஒன்று இருமுவது போலக் கத்திக்கொண்டிருந்தது. "இப்ப பேச வேண்டாம், உக்காருங்க." ஒரு தேக்கு மரத்தின் பின்னால் இருபது நிமிடம் குந்தியிருந்தோம். கால் மரத்துப்போனது. அப்புறம் மூன்று செந்நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதையைக் கடந்தன. கடைசியில் போனதன் வாயெல்லாம் ரத்தம். எங்களை ஒரு கணம் பார்த்துவிட்டு அதன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. தனியாக வந்திருந்தால் அந்த மந்தியைக் கடந்து பேசிக்கொண்டே போயிருப்பேன்.

சாயங்காலம் தூணக்கடவு அணைப் பக்கம் போகக் கிடைத்தால் விடாதீர்கள். கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்கக் கரையில் புதிதாகப் புல் முளைக்கும். அதை மேய மான்களும் காட்டுமாடுகளும் இறங்கும். ஊரில் காட்டெருமை என்கிறோமே, அதுதான் காட்டுமாடு. எருமை இனமில்லை, மாட்டினம். அதன் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். கூட்டமாக நிற்பதை இவ்வளவு நேரம் நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு வேறெங்கும் அமையவில்லை. அணை நீரில் முதலையும் உண்டு, கரை ஓரத்தில் கால் நனைக்கவேண்டாம். போகிற வழியில் கன்னிமாரா தேக்கு இருக்கிறது. அதன் அடிமரத்தின் சுற்றளவு ஏழு மீட்டர் அளவுக்கு வரும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, இரண்டு மாநிலச் சாவடிகள். ஆளுக்கு, வண்டிக்கு, கேமராவுக்கு என்று இரண்டு தடவை கட்டவேண்டும். இரண்டாவது, இருசக்கர வண்டிக்கு அனுமதியில்லை. கார் இல்லாதவர்கள் பொள்ளாச்சியிலிருந்து வண்டி பிடித்தால் அதுவே தங்கும் செலவில் பெரும்பகுதி ஆகிவிடும். அரசுப் பேருந்து ஒன்றிரண்டுதான் ஓடுகிறது. மூன்றாவது, இது சாப்பாடு, சஃபாரி, நடை எல்லாம் சேர்ந்த தொகுப்பு. நேர அட்டவணை அவர்களுடையது. சாயங்காலம் நடன நிகழ்ச்சி வைத்திருந்தால், அந்த நேரத்தில் அணைக்கரையில் இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். நான்காவது, பல இடங்களில் கைபேசி சிக்னல் கிடையாது. வீட்டில் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.

## முதுமலை: தெப்பக்காட்டில் ஓர் அறை

முதுமலை 1940இலேயே சரணாலயமானது. தென்னிந்தியாவின் மிகப் பழைய சரணாலயங்களில் ஒன்று. 2007இல் புலிகள் காப்பகம். ஒரு பக்கம் பந்திப்பூர், இன்னொரு பக்கம் வயநாடு என்று மூன்று மாநிலக் காடும் இங்கே ஒட்டிக்கொண்டிருப்பதால் யானைகள் எல்லை பார்க்காமல் நடக்கின்றன. பெரும்பகுதி இலையுதிர் காடு. குறைந்த நாளில் நிறைய விலங்கைப் பார்த்துவிடவேண்டும் என்றால் இந்த மூன்றில் முதுமலைதான். யானை, காட்டுமாடு, புள்ளிமான், மயில், மலை அணில் இவற்றில் ஒன்றையாவது பார்க்காமல் நான் திரும்பியதே இல்லை.

தெப்பக்காட்டில் வனத்துறையின் பழைய விடுதிகள் இருக்கின்றன. மோயாற்றை ஒட்டிய சில்வன் லாட்ஜ் கிடைத்தால் வேறெதையும் தேடவேண்டாம். வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாலே போதும், எதிர்க்கரை நமக்கு மேடை. இரவில் புள்ளிமான் கூட்டம் கட்டடங்களை ஒட்டி வந்து படுத்துக்கொள்ளும். மனித வாடை உள்ள இடத்துக்குச் சிறுத்தை எளிதில் வராது என்று அவை கண்டுகொண்டிருக்கின்றன போலும். பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. அதனால் ஒன்பதுக்கு மேல் லாரிச் சத்தம் அடங்கி, ஆற்றின் சத்தம் மேலெழும். அந்த மாற்றத்துக்காகவே ஒரு தடவை தங்கலாம்.

இங்கே நடைக்கு இடமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை வேனில் காலையும் மாலையும் சஃபாரி. சுமார் ஒரு மணி நேரம். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தவருக்கும் நடுவில் உட்கார்ந்தவருக்கும் இரண்டு வேறு காடுகள். ஞாயிறு காலையில் கூட்டம் தாங்காது. வேனுக்குள் ஒருவர் "ஏய், அங்க பாரு!" என்று கத்தினால் முடிந்தது. வாரநாளில் போக முடிந்தால் அதுவே பாதிச் செலவை மிச்சம் பிடித்த மாதிரி.

இன்னொரு சங்கடம் உண்ணிச்செடி. அழகான பூவோடு சாலை ஓரமெல்லாம் புதராக மண்டிக் கிடக்கும் இந்த அயல்நாட்டுச் செடி, புல்லை வளரவிடாமல் செய்வதோடு விலங்கை நம் கண்ணிலிருந்தும் மறைத்துவிடுகிறது. இலை உதிரும் காலத்தில்கூட இதன் பின்னால் நிற்கும் யானை தெரியாது. பத்தடி தூரத்தில் ஒரு கொம்பன் நின்றதை அதன் வயிற்றில் ஓடிய உறுமல் கேட்டுத்தான் நாங்கள் அறிந்தோம். ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை நகர்த்திவிட்டார்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தெப்பக்காடு யானைகள் முகாம் பெரிய வரம். காலையும் மாலையும் வளர்ப்பு யானைகளுக்குக் களி உருண்டை ஊட்டுவார்கள். இது காட்டு விலங்கைப் பார்ப்பதாகாது, சரி. ஆனால் யானை காதை எப்போது விசிறும், எப்போது விறைப்பாக நிறுத்தும், தும்பிக்கையை எப்படி உயர்த்தி மோப்பம் பிடிக்கும் என்று இங்கே பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளை, மறுநாள் காட்டு யானையைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

வானத்தையும் பாருங்கள். மோயாறு பள்ளத்தாக்கு, தமிழ்நாட்டில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டும் இடம். வெண்முதுகுப் பாறு ஒன்று சிறகசைக்காமல் வட்டமிடுவதைப் பார்த்தால் அன்றைய பொழுது வீண்போகவில்லை.

மறைந்திருக்கும் செலவு என்றால், முதலில் பாதை. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் குறுக்குப் பாதை. விபத்துகள் காரணமாக வெளியூர் வண்டிகளை அதில் இறங்கவிடுவதில்லை. கூடலூர் சுற்றி வந்தால் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். ஒருதடவை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலைச் சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். அறைகள் குறைவு, விடுமுறை நாட்களுக்கு வெகு முன்னதாகவே நிரம்பிவிடும்.

## வால்பாறை: எஸ்டேட் வீடு

வால்பாறை காடும் தேயிலையும் கலந்த பீடபூமி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். நாலாபுறமும் ஆனைமலைக் காடு. நடுவே, தேயிலைக்காக வெட்டியது போக மிஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகள் தீவுகளைப் போலக் கிடக்கின்றன. அந்தத் துண்டுகளில்தான் சோலைமந்தி, கருமந்தி என்ற குரங்குகளும் பெரிய இருவாச்சிப் பறவையும் வாழ்கின்றன.

இதன் பெரிய வசதி, சாவடி நேரத்தின் கட்டு இல்லாமல் விடியலைப் பார்க்கலாம். எஸ்டேட் வீட்டின் திண்ணையில் காபியோடு உட்கார்ந்தால் தேயிலைச் சரிவில் காட்டுமாடு மேயும். சீகாரப் பூங்குருவி, ஒரு பையன் பாட்டை மறந்து மறந்து சீட்டியடிப்பது போல இருட்டு விலகும் முன்பே தொடங்கிவிடும். புதுத்தோட்டம் பக்கம் சாலை ஓரத்திலேயே சோலைமந்திக் கூட்டம் கிடைக்கும். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு இது. வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு தாய் ஒன்று அதில் நடந்து கடந்ததை நான் பார்த்தேன், கீழே ஒரு சரக்கு லாரி போய்க்கொண்டிருந்தது. தயவுசெய்து இவற்றுக்குப் பிஸ்கட் போடாதீர்கள். சாலைக்கு இறங்கி வரப் பழகுவது அந்தப் பிஸ்கட்டால்தான்.

ஏறும் வழியில் ஒன்பதாவது வளைவில் கொஞ்சம் நில்லுங்கள். வரையாடு அங்கே பாறைச் சரிவில் நிற்கும். நம் மாநில விலங்கு. 2024இல் எடுத்த கணக்கில் தமிழ்நாடு முழுக்க 1,031தான்.

வால்பாறையின் சிக்கல் வேறு. இங்கே வேலி இல்லை. யானையும் சிறுத்தையும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவிலேயே நடக்கின்றன. யானை பக்கத்தில் இருந்தால் எச்சரிக்க, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்களின் முயற்சியில் குறுஞ்செய்திகளும், ஊர் முனைகளில் எரியும் சிவப்பு விளக்குகளும் ஏற்பட்டன. அந்த விளக்கு எரிந்தால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், உள்ளே இருங்கள். தோட்டங்களில் குழந்தைகளைச் சிறுத்தை தாக்கிய துயரங்கள் நடந்திருக்கின்றன. அந்திக்குப் பிறகு பிள்ளைகளைத் தனியாக முற்றத்தில்கூட விடவேண்டாம்.

செலவில், வீட்டு வாடகை வெளிப்படையாக இருக்கும். வெளியே தெரியாதது ஜீப் வாடகையும் உள்ளூர் வழிகாட்டிக்கான கூலியும். வழிகாட்டி இல்லாமல் போனால் தேயிலையைத்தான் பார்ப்பீர்கள். மழைக்காலத்தில் அட்டை அப்பிக்கொள்ளும், அதற்கான காலுறை வேண்டும். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஜூன், ஜூலையில் இரண்டு நாளும் மூடுபனியைப் பார்த்தே திரும்ப நேரலாம். வளைவுகளில் குமட்டல் வருகிறவர்கள் ஒரு அரைநாளைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

## இடையில் ஒரு டாப்சிலிப்

பரம்பிக்குளத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு அதே வழியில் இருக்கும் டாப்சிலிப் நல்ல மாற்று. வெட்டிய தேக்கு மரங்களை மலையிலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால் வந்த பெயர். தேக்குக் காட்டை அழியாமல் மீண்டும் தழைக்கச் செய்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் கரியன் சோலை என்ற மழைக்காடு. மழைக்காட்டையும் இலையுதிர் காட்டையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்பது இதன் சிறப்பு. தங்குமிடம் எளிமையானது, சாப்பாட்டில் தேர்வு கிடையாது.

## மசினகுடித் தனியார் கூடாரங்களைப் பற்றி

எல்லாத் தனியார் விடுதிகளையும் நான் குறை சொல்லவில்லை. அமைதியாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "கேம்ப் ஃபயர், டி.ஜே., நைட் சஃபாரி" என்று விளம்பரம் செய்யும் இடத்துக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன். பல வருடங்களுக்கு முன் அப்படி ஓர் இடத்தில் தங்கினேன். இரவு பத்து மணிக்கு ஜீப்பில் ஏற்றி, பெரிய டார்ச்சை அடித்துக்கொண்டே போனார்கள். குட்டியோடு நின்ற யானையின் கண்ணில் அந்த வெளிச்சம் விழுந்தது. அது பின்வாங்கி, குட்டியைக் காலுக்கு நடுவே இழுத்துக்கொண்டு தடுமாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. காசு கொடுத்து நான் வாங்கியது அதைத்தான்.

மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை மறித்துக் கட்டிய விடுதிகள் தொடர்பாக 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தைக் காக்கும் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிக்காரர்கள் எரியும் துணியை வீசியதில் காதில் பற்றி எரிந்த யானை ஒன்று பிறகு இறந்துபோனது. அதே மாதம் வயநாட்டில் மேப்பாடி அருகே தனியார் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். இரண்டு சாவும் ஒரே தவறின் இரண்டு முனைகள் என்றுதான் எனக்குப் படுகிறது: யானை நடக்கும் இடத்தில் நாம் படுக்கையைப் போடுகிறோம்.

## ஒரே பார்வையில்

| | பரம்பிக்குளம் கூடாரம் | முதுமலை ஓய்வு விடுதி | வால்பாறை எஸ்டேட் வீடு |
|---|---|---|---|
| விடியலில் நீங்கள் இருக்கும் இடம் | காட்டுக்குள், வழிகாட்டியோடு | காட்டுக்குள், வராந்தாவில் | காட்டின் ஓரம், திண்ணையில் |
| காடு | இலையுதிர் காடு, தேக்கு, அணைக்கரை | இலையுதிர் காடு, கிழக்கே முட்புதர்க் காடு | மழைக்காட்டுத் துண்டுகள், தேயிலை |
| அதிகம் கண்ணில் படுபவை | காட்டுமாடு, புள்ளிமான், கடமான் | யானை, புள்ளிமான், மயில் | சோலைமந்தி, கருமந்தி, இருவாச்சி, வரையாடு |
| நடை | உண்டு | இல்லை என்றே கொள்ளலாம் | உள்ளூர்க்காரரோடு |
| இரவின் ஒலிகள் | மிக நன்று | ஒன்பதுக்கு மேல் நன்று | இடத்தைப் பொறுத்தது |
| எதிர்பாராத செலவு | இரண்டு சாவடி, வாடகை வண்டி | சுற்றுப்பாதை, கூட்டம் | ஜீப், வழிகாட்டி, மழை |
| சிறு பிள்ளைகள் | எட்டு வயதுக்கு மேல் | எந்த வயதும் | பகலில் சரி, இரவில் கவனம் |
| முதியவர்கள் | நடையைத் தவிர்த்தால் சரி | மிக வசதி | வளைவுகள் சிரமம் |

## யாருக்கு எது

பத்து வயது மகளோடு போகிறவருக்கு முதுமலையைச் சொன்னேன். பிள்ளைகள் முதல் தடவை வெறுங்கையோடு திரும்பக்கூடாது. முகாமும் மான் கூட்டமும் உறுதி. பறவை பார்ப்பவருக்கு வால்பாறை. ஆல், அத்தி பழுத்து நிற்கும் மரம் ஒன்றைக் கண்டுபிடித்து அங்கேயே இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னேன். இருவாச்சி வரும்போது சிறகுச் சத்தம் முதலில் கேட்கும், ரயில் எஞ்சின் மூச்சு விடுவது மாதிரி. டென்ட் வாங்கிய தம்பிக்குப் பரம்பிக்குளம். அவருக்கு வேண்டியது துணிக்கூரைக்குக் கீழே ஓர் இரவு. அதை அங்கே பயமில்லாமல், யாருக்கும் தொல்லை கொடுக்காமல் பெறலாம்.

எனக்கு மட்டும் ஒரே ஒரு தடவை போகக் கிடைத்தால் பரம்பிக்குளம்தான். கண்ணில் படும் விலங்கின் எண்ணிக்கை முதுமலையைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் காட்டைக் கேட்கக் கற்றுத் தருகிறவர் கூட நடக்கிறார்.

இரண்டு வகையானவர்களுக்கு மூன்றுமே வேண்டாம் என்பேன். இருட்டில் பயம் அதிகம் உள்ளவர்கள் காட்டில் எங்குமே தூங்கமாட்டார்கள், மறுநாள் முழுக்கக் கண் எரியும். அப்புறம், எட்டு பத்துப் பேர் நண்பர்களாகச் சேர்ந்து உற்சாகமாகப் போகிறவர்கள். அந்த உற்சாகம் நல்லதுதான், ஆனால் அதற்குக் கடற்கரை பொருத்தம். காட்டுக்கு நான்கு பேர் போதும்.

## எந்த மாதம்

முதுமலைக்கும் பரம்பிக்குளத்துக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி பாதி வரை நல்ல காலம். அதன்பிறகு தண்ணீர் வற்ற வற்ற விலங்குகள் நீர்நிலைகளில் கூடும் என்பது உண்மை. ஆனால் தீப்பருவம் என்பதால் ஏப்ரல் வரை எந்த நேரமும் காட்டை மூடக்கூடும். பதிவைத் திரும்பப் பெறும் விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கோடை மழை விழுந்ததும் முதுமலையில் புது இலை துளிர்க்கும், யானைகள் பரவலாகத் தெரியும்.

ஆனைமலைப் பக்கம் பருவமழைக்கு முந்திய வாரங்களில் இன்னொரு காட்சி உண்டு. மின்மினிகள். 2022இல் டாப்சிலிப்பை ஒட்டிய உலாந்தி வனச்சரகத்தில் வனத்துறையினர் இதைப் பதிவு செய்தார்கள். மரம் மரமாக, காடு முழுக்க ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைகின்றன. கைபேசி வெளிச்சம் ஒன்று பட்டாலும் அந்தத் தாளம் குலைந்துவிடும். வால்பாறைக்கு ஜனவரி முதல் ஏப்ரல். அந்த மாதங்களில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும்.

## பையில் என்ன இருக்கவேண்டும்

எட்டு மடங்கு பெருக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலமுள்ள பைனாகுலர் ஒன்று. விலை கூடிய கேமராவைவிட இது முதலில். பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் கை நடுக்கத்தில் எதுவும் நிற்காது, மழைக்காட்டு நிழலில் இருட்டும் கட்டும். வீட்டிலேயே ஒரு வாரம் காக்கையையும் அணிலையும் பார்த்துக் கை பழக்குங்கள். முதலில் வெறுங்கண்ணால் விலங்கைப் பிடித்து, கண்ணை எடுக்காமல் பைனாகுலரை உயர்த்தவேண்டும். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் விலங்கு போன பிறகும் இலையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உடை சருகு நிறம் அல்லது மங்கிய பச்சை. வெள்ளை வேண்டாம். வாசனைத் தைலம், பாடி ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டால் கழிவறைக்குப் போகவும் போதும், யார் கண்ணையும் கூசவைக்காது. கூடாரத்துக்குள் வாழைப்பழம், முறுக்கு, கடலைமிட்டாய் எதையும் வைக்காதீர்கள். குரங்கு ஜிப்பைத் திறக்கும். கரடிக்கும் யானைக்கும் மோப்பம் நம்மைவிடப் பல மடங்கு. உப்பும் பழைய காலுறையும் அட்டைக்கு உதவும். காலணியை வெளியே வைத்திருந்தால் காலையில் உதறிவிட்டுப் போடுங்கள்.

சென்னையிலிருந்து சனி, ஞாயிறு மட்டும்தான் என்றால் கணக்கு இதுதான். வெள்ளி இரவு ரயிலில் கோயம்புத்தூர், அங்கிருந்து பொள்ளாச்சியில் காலைச் சாப்பாடு, சேத்துமடைச் சாவடியைப் பத்து மணிக்குள் தாண்டிவிட்டால் மதியத்துக்குள் ஆனப்பாடி. சனி சாயங்காலமும் ஞாயிறு விடியலும் முழுதாகக் கையில் இருக்கும். முதுமலைக்கு அதே இரண்டு நாளில் ஒரு விடியல் கிடைக்கும், ஆனால் சனி மாலை சஃபாரிக்குப் பெரும்பாலும் பிந்திவிடுவீர்கள். வால்பாறைக்கு மூன்று நாள் இல்லாமல் கிளம்பாதீர்கள்.